அரை அடி குறைந்த ஜன்னல்

தச்சனின் அளவு நாடாவுக்கு முதல் அரை அடி கிடையாது. ஒரு கதவிடுக்கில் மாட்டி அறுந்து நாலு வருஷமாகிறது. புது நாடா கேட்டு அவன் எழுதிக் கொடுத்த மனு, அவன் வேலை பார்க்கும் அதே குறைகேட்பு நிலையத்தின் மனுப்பெட்டியில் நாலு வருஷமாகச் சௌக்கியமாக இருக்கிறது. ஆகவே எந்த உயரத்தைக் குறித்தாலும் அவன் மனசுக்குள் அரை அடி கூட்டிக் குறிப்பான். நாலரை அடி வேண்டுமென்றால் நாடாவின் ஐந்தாம் கோட்டில் பென்சிலை வைப்பான். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கூட்ட மறந்தான். அந்த ஒரு தடவைக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள்.

குறைகேட்பு நிலையம் ஒரு நீளமான கூடம். நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரு மரத்தடுப்பு. தடுப்பில் ஓரடிக்கு ஓரடியாக ஒரு ஜன்னல். வெளிப்பக்கம் குறை உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள். உட்பக்கம் குறை இல்லாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் எந்தக் காகிதமானாலும் கடைசி முத்திரை இந்த ஜன்னலில்தான் விழ வேண்டும். முத்திரையைப் பிடித்திருந்த எழுத்தரை எல்லோரும் முத்திரையார் என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் அவருக்கு அதே பெயர்தான் என்று கேள்வி.

ஜன்னல் அந்தக் காலத்தில் நாலரை அடி உயரத்தில் இருந்தது. நின்றால் முகத்துக்கு முகம் சரியாக இருக்கும். முகத்துக்கு முகம் பார்க்கிற ஜனங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கேள்வி கேட்பார்கள். "போன மாசமும் இதையேதானேய்யா சொன்னீரு?" என்பார்கள். முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, "இன்னிக்கு முத்திரை விழாம நான் நகர்றதா இல்லை" என்பார்கள்.

அப்படித்தான் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் ஊன்றினார். தாம் ஓய்வு பெற்றுவிட்டதற்கான சான்றுக்குப் பத்தொன்பது மாதம் நடந்தவர். "நீங்க இன்னும் ஓய்வு பெறலைன்னு பதிவேடு சொல்லுது" என்று முத்திரையார் சொன்னதும், வாத்தியார் இரண்டு கையாலும் தடுப்பைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து முத்திரையார் மடியில் வந்து உட்கார்ந்தது.

தச்சன் ஓடி வந்தான். இயக்குநர் அவன் பிடரியிலேயே நின்றார். "சீக்கிரம்ப்பா! ஜனங்க உள்ள எட்டிப் பாக்கறாங்க. நாம என்ன பண்றோம்னு தெரிஞ்சா என்ன ஆகும்!" அந்தப் பதற்றத்தில் தச்சன் நாடாவைத் தரையில் வைத்தான், நாலரையில் கோடு போட்டான், அறுத்தான், சட்டத்தை ஏற்றினான், ஆணி அடித்தான். ஜன்னல் நாலு அடியில் நின்றது.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தவன் திகைத்துப் போனான். சத்தமே இல்லை. வரிசை இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவரும் உள்ளே பார்ப்பதற்காகக் கொஞ்சம் குனிந்தார்கள். குனிந்ததும் குரல் தானாக இறங்கியது. "ஐயா, ஒரு சின்ன விஷயம்..." என்றார்கள். முதல் நாள்வரை தடுப்பே அதிரும்படி பேசிய மளிகைக்கடைக்காரர், "வேணும்னா அடுத்த வாரம் வரட்டுங்களா?" என்று தாமாகவே கேட்டுக்கொண்டு போனார்.

அதற்கு மறுநாள் இயக்குநர் தச்சனைக் கூப்பிட்டனுப்பினார். நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனான்.

"ஐயா, அந்த ஜன்னல் உயரம் வந்து..."

"எப்படிய்யா உனக்குத் தோணிச்சு?" இயக்குநர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "இருநூத்து எண்பது குறை வர்ற இடத்துல நேத்து நூத்துப்பத்து! முப்பது வருஷமா நானும் குறையைக் குறைக்க வழி தேடறேன். தீர்க்கறதைத் தவிர வேற வழி தெரியாமத் தவிச்சுக்கிட்டிருந்தேன். நீ அரை அடியில முடிச்சுட்டே!"

வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் தச்சனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்கள். உட்கார்ந்தான். சட்டைப்பைக்குள் நாடா இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்த வாரமே சூழல் ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். சத்தம் வராத செருப்பு போட்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்தார். ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"மனுஷனுக்குள்ள மனசுன்னு ஒண்ணு இருக்கறதா நம்பி இத்தனை காலத்தை வீணடிச்சுட்டோம். மனசெல்லாம் கிடையாது நண்பர்களே. இருக்கறது இடம் மட்டும்தான். ஒருத்தனைக் கோவப்படாதேன்னு சொன்னா அவனுக்கு இன்னும் கோவம் வரும். ஜன்னலை இறக்கினா? கோவம் வந்தாலும் அதை வெச்சுக்க அவனுக்கு இடுப்பு வசதிப்படாது. நாம யாரையும் கட்டாயப்படுத்தலை. ஓட்டையை மட்டும்தான் நாம வைக்கிறோம். குனியறது அவங்களோட சொந்தத் தீர்மானம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தச்சனும் தட்டினான். சுற்றி நூறு கை தட்டும்போது இரண்டு கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு ஜன்னல் மூன்றரை அடிக்கு இறங்கியது. இரண்டு மாதம் கழித்து மூன்றடிக்கு. கூடத்துத் தரையை வாசலை நோக்கி விரற்கடை அளவு சரித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தங்களுக்கே தெரியாமல் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, ஒரு மணி நேரத்தில் தெருவில் நின்றார்கள். அவர்களை "மனம் மாறிச் சென்றோர்" என்று தனிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். வெளிப்பக்கத்துப் பெஞ்சின் பலகையை முன்னால் சாய்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் வழுக்கி எழுந்துகொண்டார்கள். "மக்கள் நிற்பதையே விரும்புகிறார்கள்" என்று அறிக்கை போயிற்று. அத்தனையும் தச்சன் கைவேலை. ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுக்க வசதியாக அவன் முதுகும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்தது.

ஜன்னல் இரண்டரை அடிக்கு இறங்கியபோதுதான் ஒரு சிக்கல் வந்தது. மனுதாரர்கள் இடுப்புவரை மடிந்து தலையை உள்ளே நீட்ட, உயரமான நாற்காலியில் இருந்த முத்திரையாருக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. மனுவில் ஒட்டியிருந்த புகைப்படத்திலோ முகம் இருந்தது.

"இது அவர்தான்னு நான் எதை வெச்சுக் கையெழுத்துப் போடறது?" என்றார் முத்திரையார்.

முத்திரையாரின் நாற்காலியைத் தாழ்த்தலாமா என்று யோசித்தார்கள். ஊழியர் இருக்கை மனுதாரரின் தலைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆகவே படத்தை மாற்றினார்கள். இனிமேல் மனுவோடு உச்சந்தலைப் படம் இரண்டு இணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ச்சாரியில் இருந்த புகைப்படக் கடைக்காரர் ஏணி ஒன்று வாங்கினார். "கொஞ்சம் தலையைத் தொங்கப் போடுங்க... இன்னும்... ஆங், அப்படியே வெக்கப்படற மாதிரி இருங்க" என்று மேலிருந்து எடுத்துத் தள்ளினார். முத்திரையாருக்கும் தேர்ச்சி வந்துவிட்டது. சுழியைப் பார்த்தே ஆளைச் சொன்னார். தெருவில் தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னால், "தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் குனிங்க, யாருன்னு பாக்கறேன்" என்றார்.

குறை நாளுக்குப் பதினொன்றாகக் குறைந்தது.

தச்சன் இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. வீட்டில் அவனும் அக்காவும்தான். அத்தான் எப்போதோ போய்விட்டார். தச்சனோ கல்யாணப் பேச்சை எடுத்தால் ஆணி வாங்கக் கிளம்பிவிடுகிறவன். அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். "உங்க ஆபீசுல இப்ப என்னடா பண்றே?" என்று அவள் கேட்டால், "இயக்குநர் மேசைக்கு இழுப்பறை" என்பான். எட்டு மாதமாக ஒரே இழுப்பறையைச் செய்துகொண்டிருந்தான்.

ஈரத் துணி மூட்டையோடு அக்கா படியில் உருண்டது அந்த எட்டாவது மாதத்துக்குச் சற்று முன்னால். முதுகெலும்பில் எஃகுத் தகடு வைத்துத் தைத்தார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடக்கலாம், நிற்கலாம். குனியக் கூடாது, குனியவும் முடியாது. மூட்டை தூக்கினால் அப்புறம் படுக்கைதான். ஆஸ்பத்திரியிலும் ஒத்துக்கொண்டார்கள், துணி எண்ணிக்கை எழுதுகிற மேசை வேலையைக் கொடுக்கத் தயார். ஆனால் "இலகு வேலைச் சான்று" வேண்டும், முத்திரையோடு, மாதக் கடைசிக்குள். இல்லாவிட்டால் ஒன்று மூட்டைக்குத் திரும்ப வேண்டும், இல்லை பெயரை அடித்துவிடுவார்கள்.

"ஒரு முத்திரைதானேடா, உங்க ஆபீசுதானே" என்று அக்கா உற்சாகமாகக் கிளம்பிப் போனாள். இடுப்பைச் சுற்றிப் பட்டையான பெல்ட். அதற்குமேல் கம்பம் நட்டது போல நேரான உடம்பு.

சாயங்காலம் வந்தவள் முகம் இறுகிக் கிடந்தது. தச்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, உங்க ஆபீசு ஜன்னலைப் பாத்திருக்கியா நீ?"

தச்சன் சோற்றைப் பிசைந்தான். "ம். ஏன்?"

"என் இடுப்புக்கு இருக்குடா அது! நான் நிக்கறேன், உள்ள இருக்கற ஆளு 'அடுத்தது, அடுத்தது'ன்னு கத்தறான். 'நாந்தான்யா நிக்கறேன்'னு சொன்னா, 'இடுப்பெல்லாம் மனு கொடுக்க முடியாதும்மா, தலை வரட்டும்'ங்கறான். காகிதத்தை உள்ள நீட்டினேன். தலை இல்லாத கையிலேருந்து வாங்கக் கூடாதாம், விதியாம். எந்தப் புண்ணியவான்டா அதை அங்க வெச்சான்? அவன் கையில புழு வைக்க!"

தச்சன் தன் கையைப் பார்த்தான். அதில் சோறு இருந்தது.

"நீ அங்கதானே இருக்கே, யாரு செஞ்சான்னு தெரியாதா உனக்கு?"

"வெளியாள் யாரோ... ஒப்பந்தத்துல வந்து செஞ்சுட்டுப் போனாங்கக்கா."

"ஆளு கிடைச்சா சொல்லு."

"சரிக்கா" என்றான். பிறகு உதவி செய்கிற நினைப்பில் சொன்னான்: "அக்கா, குனியத்தானே முடியாது? மண்டி போட்டுப் பாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. அக்கா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. யாரோ வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மண்டி போட்டா முகம்தான்டா தெரியும். அவனுக்கு உச்சந்தலை வேணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் தச்சன் முத்திரையாரிடம் மெல்ல ஆரம்பித்தான். "சார், நமக்கு வேண்டியவங்க ஒருத்தங்க. முதுகுல தகடு. குனிய முடியாது."

"தலையைக் கொண்டு வரச் சொல்லுப்பா."

"தலை மேல இருக்கு சார். ஜன்னல்தான் கீழ இருக்கு."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றே? நானா வெச்சேன்?" என்றார் முத்திரையார்.

அந்த வாரமே அக்கா இன்னொரு வழி பார்த்தாள். துணிப் பிரிவுத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூட்டை தூக்கிப் பழகிய கைகள். இருவரும் அக்காவைத் தோளிலும் காலிலும் பிடித்து ஏணியைச் சாய்ப்பது போலச் சாய்த்து, தலையை ஜன்னலுக்குள் நீட்டினார்கள். உட்பக்கம் பெஞ்சுக்கால் சரிபார்த்துக்கொண்டிருந்த தச்சன், ஜன்னல் வழியே உள்ளே வந்த அந்த உச்சந்தலையைப் பார்த்தான். நடுவகிட்டில் நரை. ஓரத்தில் ஒரு பழைய தழும்பு. சின்ன வயதில் அவன் விளையாட்டாக எறிந்த மரக்கட்டை பட்டது.

முத்திரையார் படத்தையும் தலையையும் ஒப்பிட்டார். திருப்திதான். முத்திரையை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். "கால் ஏன் தரையில இல்லை?"

"நாங்க பிடிச்சிருக்கோம் சார்" என்றாள் வெளியே ஒரு தோழி. "சீக்கிரம் குத்துங்க, கை வலிக்குது."

"அப்போ இது செல்லாது. மனுதாரர் தாமா விரும்பிக் குனியணும். பிறர் சாய்ச்ச தலையை ஏத்துக்கிட்டா அது கட்டாயப்படுத்தினதாகிடும். நாம யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை."

தலை வெளியே போயிற்று. போகும்போது சட்டத்தின் மேல்விளிம்பில் இடித்தது. "அம்மா" என்ற சத்தம் கேட்டது. தச்சன் பெஞ்சுக்காலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பதுங்கிக்கொண்டான். அவன் அங்கே இருப்பதை யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் காது இரண்டும் சுட்டன.

மாதக் கடைசி நாள். குறைகேட்பு நிலையத்துக்கு விருது கொடுக்கத் தலைமை ஆணையர் வந்தார். கார் வாசலில் நின்றதும் இயக்குநர் ஓடிப் போய் அதன் கண்ணாடிக்கு நேராக மடிந்தார். அந்த மடிப்பின் நேர்த்தியைப் பார்த்தால், எந்த ஜன்னலும் இறங்குவதற்கு முன்பே தேர்ந்தவர் என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் துணை இயக்குநர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டே ஆணையர் இறங்கினார்.

விழா தடுப்புக்கு உட்பக்கம். மேடையில் தச்சனையும் உட்கார வைத்தார்கள். "சூழல் சிற்பி" என்று பொறித்த பதக்கத்தை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். முழு நீள நாடா.

இயக்குநர் பேசினார். "நாளொன்றுக்கு இருநூற்று எண்பது குறைகள் இருந்த ஊர் இது. இன்று பதினொன்று. மக்கள் நிறைவாக வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சிலர் கேட்கிறார்கள், குறைகளை எப்போது தீர்ப்பீர்கள் என்று. வராத குறையை நாங்கள் எப்படித் தீர்க்க முடியும்? எட்டு மாதமாக இந்த ஜன்னலில் கோபமான ஒரு முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் முகத்தையே பார்ப்பதில்லை!"

கைதட்டல் அடங்கியதும் ஆணையர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஒரு தலையைக் காட்டுங்களேன், நேர்ல பாப்போம்."

முத்திரையார் ஜன்னல் பலகையைத் தள்ளினார். "அடுத்தது!"

ஜன்னலில் தலை வரவில்லை. பட்டையான பெல்ட் கட்டிய ஓர் இடுப்பு வந்தது. பக்கத்தில், காகிதத்தைப் பிடித்த ஒரு கை.

"தலை எங்கே?" என்றார் ஆணையர்.

இயக்குநருக்கு வியர்த்தது. ஜன்னல் பக்கம் ஓடினார். "அம்மா, கொஞ்சம் குனியுங்க, பெரியவங்க வந்திருக்காங்க."

"குனிய முடியாதுங்க. முதுகுல தகடு இருக்கு. இன்னிக்குக் கடைசி நாள், ஒரே ஒரு முத்திரை போட்டுக் கொடுத்தீங்கன்னா போதும்" என்றது அக்காவின் குரல். இத்தனை நாளில் அவள் குரல் இப்படித் தணிந்து தச்சன் கேட்டதில்லை. குனியாத அக்காவின் குரலையும் ஜன்னல் குனிய வைத்திருந்தது.

ஆலோசகர் எழுந்தார். "இது விதிவிலக்கு. இன்னும் கொஞ்சம் இறக்கினா இந்த மாதிரி ஆளுங்க வரிசைக்கே வர மாட்டாங்க, பிரச்சினை தானாத் தீர்ந்துடும். ஒண்ணே முக்கால் அடி போதும். என்ன தச்சரே, முடியும்தானே?"

"அவன் கையால முடியாததா?" என்று இயக்குநர் சத்தமாகச் சிரித்தார். "இந்த ஜன்னலை முதல் முதலா இறக்கினதே நம்ம தச்சன்தான். தச்சா, எந்திரிச்சுச் சொல்லுப்பா!"

தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலில் தெரிந்த கை கீழே இறங்கியது.

"உள்ள யாரு?" என்றது அக்காவின் குரல். "டேய்... நீயாடா?"

தச்சன் எழுந்து நின்றான். அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அவனோ இடுப்பு பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் இருந்த முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது பெரிய வசதியாக இருந்தது. இந்த வசதிக்காகத்தான் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறோம் என்பது அந்த இடத்தில்தான் அவனுக்கு உறைத்தது.

"ஐயா," என்றான். சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தான். "இது தப்பா வெச்ச ஜன்னல். நான் யோசிச்சு வெக்கலை. என் நாடாவுல முதல் அரை அடி இல்லை. கூட்ட மறந்துட்டேன். அவ்வளவுதான் ஐயா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உட்காரச் சொன்னீங்க, அதுல சொல்லாம விட்டுட்டேன்."

ஆணையர் கை தட்ட ஆரம்பித்தார்.

"என்ன அடக்கம்!" என்றார். "தன் சாதனையை ஒரு அறுந்த நாடாவுக்குக் கொடுத்துடறாரே!"

"நான் சொல்லலை?" என்று ஆலோசகர் துள்ளினார். "மனசுன்னு ஒண்ணு இல்லவே இல்லை! நாடாதான் முடிவெடுத்திருக்கு! இனிமே நாடு பூராவும் தச்சர்களுக்கு அரை அடி அறுத்துட்டுத்தான் நாடா கொடுக்கணும்."

கைதட்டல் வலுத்தது. தச்சனுக்குச் சொல்ல இருந்ததும் தீர்ந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் அவன் கருவிப்பை இருந்தது. கைரம்பத்தை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் போனான். ஜன்னலின் மேல்விளிம்பில் பல்லை வைத்து நேராக மேலே அறுக்க ஆரம்பித்தான்.

"செயல் விளக்கம்" என்றார் இயக்குநர் ஆணையர் காதில், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். "அருமை" என்றார் ஆணையர். வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி. நாடாவை அவன் தொடவில்லை. மரத்தூள் பதக்கத்தின்மேல் கொட்டியது. குறுக்கே ஓர் இழுப்பு இழுத்ததும் பலகை முத்திரையார் மடியில் வந்து விழுந்தது.

பலகை இருந்த இடத்தில் அக்காவின் முகம் இருந்தது.

முத்திரையார் பல மாதமாக ஜன்னலில் முகம் பார்த்ததில்லை. அதில் இரண்டு கண்கள் இருந்ததும், அவை தம்மையே பார்த்ததும் அவருக்கு மிகவும் முறைகேடாகப் பட்டிருக்க வேண்டும். நாற்காலியோடு பின்னால் போனார். "உச்சந்தலை..." என்று ஆரம்பித்தார். முகம் நகரவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. காகிதம் பிடித்த கை மட்டும் மறுபடி உள்ளே நீண்டது. முத்திரையார் பார்வையைத் தாழ்த்தி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காகிதத்தைப் பார்த்து, அதைப் பார்த்த குற்றத்துக்கு அதன்மேல் முத்திரையைக் குத்திவிட்டார்.

ஆணையர் சாப்பாட்டுக்குப் போனார். எல்லோரும் கார்க் கண்ணாடிவரை போய் மடிந்து வழியனுப்பினார்கள். திரும்பி வந்த இயக்குநர், "விளக்கம் முடிஞ்சுதுல்ல? சாயங்காலத்துக்குள்ள அடைச்சுடுப்பா" என்று தோளில் தட்டினார்.

"அடைக்க மாட்டேன் ஐயா" என்றான் தச்சன். "விளக்கம் எழுத்துல கொடு" என்றார் இயக்குநர். "எந்த ஜன்னல்ல கொடுக்கணும் ஐயா?" என்று தச்சன் உண்மையாகவே சந்தேகமாகக் கேட்டான். இயக்குநர் உள்ளே போய்விட்டார்.

தச்சன் கூடத்தின் வெளிப்பக்கம் வந்தான். அக்கா தூணோரம் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மடித்ததைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். தச்சன் தரையையே பார்த்தான். அவன் சரித்த தரைதான்.

வரிசை நகர்ந்தது. அடுத்தவர் வந்தார். இப்போது ஜன்னல் அவர் இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை திறந்து கிடந்தது. அவர் வழக்கம்போல இடுப்போடு மடிந்து, பழைய இடத்தில் தலையை நீட்டினார். "ஐயா, ஒரு சின்ன விஷயம்..." என்றார். அதற்கடுத்தவரும் மடிந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர் அந்த ஓவிய வாத்தியார். தடுப்பை உலுக்கிய அதே மனிதர். குடையைக் கையில் மடக்கிக்கொண்டு மற்ற எல்லோரையும்விடத் தாழக் குனிந்தார்.

தச்சன் பதறிப் போனான். "வாத்தியாரே, நிமிருங்க! மேல திறந்திருக்கு பாருங்க!"

"இருக்கட்டும் தம்பி, பழகிடுச்சு" என்றார் வாத்தியார், ஜன்னலுக்குள்ளிருந்து.

தச்சன் ஓர் அட்டையைத் தேடி எடுத்தான். தடித்த பென்சிலால் பெரிய பெரிய எழுத்தில் எழுதினான். தடுப்பில் வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தான். அவசர அவசரமாக அடித்தான். குனிந்து அடித்தபோது பதக்கம் தொங்கி மூக்கில் இடித்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அடித்து முடித்த பிறகுதான் பார்த்தான். வாத்தியார் அட்டைக்கு முன்னால் குனிந்திருந்தார். வாத்தியாருக்குப் பின்னால் மளிகைக்கடைக்காரர் குனிந்திருந்தார். வரிசையே கலைந்து வந்து, அட்டையில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்காக இடுப்பு மடிந்து நின்றது. அட்டை தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தது. நாடா வைத்து அளக்கவில்லை. கை தானாகப் போன உயரம் அது.

தூணோரம் அக்கா ஒருத்திதான் நேராக நின்றாள். அங்கிருந்து எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"என்னடா எழுதியிருக்கு அதுல?" என்றாள்.

'நிமிர்ந்து நிற்கவும்' என்றுதான் எழுதியிருந்தது. அவன் கைப்பட எழுதியது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், அவன் முதலில் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.